போமட் அடிக்க முன்னம்

2022 மார்ச் மாதம் மட்டக்களப்புக் கரையோர ஊரான ஆரையம்பதியில் எந்த வேலையும் மின்வெட்டு அட்டவணையைப் பார்த்த பிறகுதான் தொடங்கியது. தங்கள் பகுதி எந்த எழுத்துக் குழுவில் வருகிறது, எத்தனை மணிக்குக் கரண்ட் போகும், எத்தனை மணிக்குத் திரும்பும் என்பதெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். மாதக் கடைசியில் வெட்டு நாளொன்றுக்கு 10 மணித்தியாலமானது. 31ஆம் திகதி 13 மணித்தியாலம். தண்ணீர் மோட்டர் போடுவது, உடுப்பு அயன் பண்ணுவது, பிள்ளைகளின் ஸூம் வகுப்பு எல்லாம் கரண்ட் இருக்கும் இடைவெளிகளுக்குள் நெருக்கியடித்தன. இலங்கையின் பொருளாதார நெருக்கடியில், ஆண்டின் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த அமெரிக்க டொலர் மே மாதத்தில் 360 வரை ஏறியது. புதிய லப்டொப்பின் விலையைக் கேட்டவர்கள் மறுபேச்சில்லாமல் கடையை விட்டு இறங்கி வந்தார்கள். கையில் இருப்பதை ஓட்டித்தான் ஆகவேண்டும்.

அந்த நாட்களில் ஊரின் பழைய லப்டொப்புகள் பல எழும்ப மறுத்தன. ஏழெட்டு வருடம் பாவித்த லப்டொப்பின் பற்றரி பெரும்பாலும் செத்துப்போயிருக்கும். சார்ஜரைச் செருகி வைத்தால் மட்டுமே ஓடும். அப்படி ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அந்தக் கணமே எல்லாம் நிற்கும். ஹார்ட் டிஸ்க் ஒரு கோப்பைப் பாதி எழுதிய நிலையில் நிற்கும். விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருந்தால் அதுவும் பாதியில் நிற்கும். திரும்பக் கரண்ட் வந்தபோது சில லப்டொப்புகள் தட்டுத்தடுமாறி எழும்பின. மற்றவை கறுப்புத் திரையோடு நின்றுவிட்டன.

அப்படி நின்றவற்றில் ஒன்று ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியை ஒருவருடையது. இதை எழுதுபவன் அவருடைய மருமகன். ஊரில் ‘கொம்பியூட்டர் தெரிஞ்ச பொடியன்’ என்று பெயர் வாங்கியிருந்த அவனை மாமி கூப்பிட்டு அனுப்பினார்.

“இது எழும்புதில்ல மகன். கறுப்புத் திரையில இங்கிலீசில ஒரு வரி வருது. மறுகா ஒண்டுமில்ல.”

தொடங்குவதற்குரிய சாதனம் எதுவும் கிடைக்கவில்லை என்றது அந்த வரி. மாமி அதை ஏற்கெனவே நகரத்துக் கடையொன்றில் காட்டியிருந்தார். போமட் அடித்து விண்டோஸ் போட்டால் சரியாகும், உள்ளே இருப்பது போகும் என்று அங்கே சொன்னார்களாம். கேட்ட கூலியும் அதிகமில்லை. மாமி லப்டொப்பைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

உள்ளே இருந்தது அவருடைய தகப்பனாரின் கூத்துக் கொப்பி.

மட்டக்களப்பில் கூத்து வடமோடி, தென்மோடி என்று இரு வகை. இரண்டுக்கும் ஆதாரம் கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் கையில் இருக்கும் கொப்பி. வரவுத் தரு, விருத்தம், வசனம், ஆட்டத்துக்கான தாளக்கட்டு எல்லாம் அதில்தான். புதிதாக ஒரு கூத்தைப் பழக்கத் தொடங்கும்போது, அவரவர் பாத்திரத்துக்குரிய பாட்டை எழுதிக் கையில் கொடுப்பதை ‘சட்டம் கொடுத்தல்’ என்று ஒரு சடங்காகவே வைத்திருக்கிறார்கள். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களின் தொடக்கத்தில் ‘அலங்காரரூபன் நாடகம்’ போன்றவற்றைப் பதிப்பித்தார். அதே பத்தாண்டில் பேராதனையில் ‘இராவணேசன்’ மேடையேறியது. பேராசிரியர் சி. மௌனகுரு மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை விரிவாக ஆராய்ந்து நூலாக்கினார். இந்தக் கொப்பிகளும் அவற்றைக் காத்த அண்ணாவிமாரும் இருந்தபடியால்தான் அவையெல்லாம் நடந்தன. ஆனால் அச்சேறியவை கொஞ்சம்; வீட்டுப் பெட்டிகளில் கிடந்தவையே அதிகம்.

அந்தப் பெட்டிகளுக்கு நேர்ந்ததை இந்தக் கரையில் எல்லோரும் அறிவார்கள். 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளி கூரைகளைக் கொண்டுபோனது. 1990இல் யுத்தத்தால் உடுத்த உடுப்போடு இடம்பெயர்ந்தவர்கள் திரும்பி வந்தபோது பல வீடுகளில் பெட்டியே இல்லை. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. 2011 ஜனவரியில் வெள்ளம். மாமியின் தகப்பனாருடைய கொப்பிகளும் இந்த வழியிலேயே குறைந்துகொண்டு போயின. மிஞ்சியதை மாமி ஓய்வுக்குப் பிறகு எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்தார். பூச்சி அரித்த ஓரங்களில் விடுபட்டிருந்த அடிகளை, அந்தக் கூத்தை ஆடிய கிழவர்களைப் பாடச் சொல்லிக் கேட்டு நிரப்பினார். அவர்களில் சிலர் பிறகு காலமானார்கள். அச்சடிக்கலாம் என்றால், கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சையே தள்ளிப்போன மாதம் அது. ஒரு கூத்துப் பனுவலின் ஒரேயொரு முழுப் பிரதி அந்த எழும்பாத லப்டொப்புக்குள் இருந்தது.

மருமகன் அதைக் காத்தான்குடியில் ஒரு நானாவிடம் கொண்டுபோனான். ஆரையம்பதியின் வடக்கு எல்லையைத் தாண்டினால் காத்தான்குடி, சைக்கிள் தூரம். நானா கட்டாரில் கணினி திருத்தும் வேலை செய்து திரும்பி வந்து, வீட்டு முன்னறையில் மேசை போட்டிருந்தவர். லப்டொப்பைக் கையில் வாங்க முன்னமே கேட்டார்:

“உள்ளுக்கு என்ன கிடக்கு தம்பி?”

சொன்னான்.

“அப்ப போமட் கதை இப்ப வேணாம். இது எந்த இடத்தில நிக்குது எண்டு முதல்ல பாப்பம். டிஸ்கில ஒரு எழுத்தும் எழுதாமப் பாப்பம்.”

மற்றதெல்லாம் இந்த முடிவில்தான் தங்கியிருந்தது. லப்டொப் எழும்பாமல் போகப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் சிலதுக்குத்தான் போமட் தீர்வு. மிச்சத்துக்கு அது வீண் வேலை. கோப்புகள் ஒருபோதும் திரும்பாமல் போகக்கூடிய வேலையும் அதுதான். சும்மா அழித்த டிஸ்கிலிருந்து பலவற்றை மீட்கலாம். அழித்த இடத்தின் மேல் பல ஜிகாபைட் விண்டோஸை எழுதிவிட்டால், அங்கே முன்பு இருந்ததை மீட்க வழியில்லை.

கணினி எழும்புவது ஒரே செயல் அல்ல. கைமாறிக் கைமாறிப் போகும் வேலை. பொத்தானை அழுத்தியதும் மதர்போர்டில் ஒரு சிப்புக்குள் எழுதப்பட்டிருக்கும் சிறு மென்பொருள் ஓடத் தொடங்குகிறது. 1981இல் ஐபிஎம் வெளியிட்ட பீசியில் அதன் பெயர் பயோஸ். அதன் இடத்துக்குப் பின்னர் வந்தது யூஇஎஃப்ஐ. ரேம், விசைப்பலகை, திரை, டிஸ்க் எல்லாம் இருக்கின்றனவா என்று அது சோதிக்கிறது. பிறகு டிஸ்கில் ஒரு தொடக்கக் குறிப்பைத் தேடுகிறது. பழைய முறையில் அந்தக் குறிப்பு டிஸ்கின் முதல் 512 பைட்டுக்குள் இருக்கும், எம்பிஆர் என்பார்கள். புதிய முறையில், தனியாக ஒதுக்கிய ஒரு சிறு பகுதியில் கோப்பாக இருக்கும். அந்தக் குறிப்புத்தான் விண்டோஸைக் கூட்டி வருகிறது.

மருமகன் இதை விளங்கப்படுத்தியபோது மாமி உடனே பிடித்துக்கொண்டார். “கட்டியகாரன் வந்து கட்டியம் சொன்னாத்தானே ராசா களரிக்கு வருவார்.” அதேதான். ராசா உடுத்துக் கட்டிக்கொண்டு உள்ளே ஆயத்தமாக நின்றாலும் கட்டியகாரன் வராவிட்டால் களரி வெறுமையாகத்தான் கிடக்கும்.

நானா பற்றரியைக் கழற்றினார், சார்ஜரையும் பிடுங்கினார். பவர் பொத்தானை அரை நிமிடம் போல அழுத்திப் பிடித்தார். உள்ளே தங்கியிருக்கும் மின்னேற்றம் வடிவதற்காக. பிறகு சார்ஜரை மட்டும் செருகிப் போட்டார். விசிறி சுற்றியது. கேப்ஸ் லொக் விசையை அழுத்த அதன் சிறு விளக்கு எரிந்தது. மறுபடி அழுத்த அணைந்தது. புரொசசர் வேலை செய்கிறது என்பதற்கு அது நல்ல அடையாளம்.

அடுத்தது ரேம். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி. எழுவான்கரையின் இந்த ஒடுங்கிய மணல் நிலத்தில் உப்புக் காற்று தொடாத உலோகம் இல்லை. ரேம் தட்டின் பொன்னிறப் பற்களில் மெல்லிய படலம் ஏறினாலே போதும்: கணினி பீப் பீப் என்று கத்தும், அல்லது திரையில் ஒன்றுமே காட்டாது. நானா பின்பக்கத் திருகாணிகளைக் கழற்றி, ரேமை எடுத்து, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அழிறப்பரால் பற்களை மெதுவாகத் தேய்த்து, தூரிகையால் துடைத்துத் திரும்பப் பொருத்தினார். அதே கறுப்புத் திரை. அதே வரி.

ஆனால் அந்த வரியே ஒரு தகவல். எழுத்து வருகிறதென்றால் திரையும் ரேமும் மதர்போர்டும் தங்கள் வேலையைச் செய்கின்றன. குறை டிஸ்கில் இருக்க வேண்டும், அல்லது டிஸ்கில் தேடும் முறையில் இருக்க வேண்டும். எஃப்2 விசையை அழுத்தி பயோஸ் அமைப்புகளுக்குள் போனார்கள். அங்கே டிஸ்கின் பெயரும் கொள்ளளவும் ஒழுங்காகத் தெரிந்தன.

“டிஸ்க் இருக்கு. இனி உள்ளுக்குப் பாப்பம்.”

நானா ஒரு பென் டிரைவைச் செருகினார். அதில் உபுண்டு லினக்ஸ் இருந்தது. லைவ் முறை என்று ஒன்று உண்டு: லினக்ஸ் பென்னிலிருந்தே ஓடும், நாம் சொல்லாமல் கணினியின் டிஸ்கைத் தொடாது. 2000இல் ஜெர்மனியின் கிளவுஸ் நோப்பர் வெளியிட்ட நொப்பிக்ஸ் இந்த முறையைப் பிரபலமாக்கியது. திருத்துநர்கள் அதன் குறுந்தட்டைக் கருவிப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார்கள். விண்டோஸ் எழும்பாத இயந்திரத்தில் வேறொரு இயங்குதளம் ஓட, டிஸ்கை வாசிக்க மட்டும் திறந்து பார்க்கலாம்.

திறந்தது. விண்டோஸின் வழக்கமான கோப்புறைகள் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. மாமியின் பெயரில் ஒரு கோப்புறை. அதற்குள் ‘கூத்து’. மருமகன் உடனே மாமிக்குக் கோல் எடுத்தான்.

கொப்பி பண்ணுவதிலும் நானா ஒரு ஒழுங்கு வைத்திருந்தார். திரும்பக் கிடைக்காதது முதலில்; அது பெரும்பாலும் அளவில் சிறியதாகத்தான் இருக்கும். கூத்துக் கோப்புறை சில மெகாபைட். இரண்டு பென்களில் தனித்தனியாக எடுத்தார். பிறகு குடும்பப் படங்கள். கடைசியில் பாட்டு, வீடியோ. படங்கள் போய்க்கொண்டிருக்கும்போது டிஸ்க் ‘டிக், டிக்’ என்று சத்தம் போட்டு ஓரிடத்தில் திணறியது. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதிந்து வைக்கும் ஸ்மார்ட் அறிக்கையைத் திறந்தார். பழுதாகி ஒதுக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை ஏறியிருந்தது. பெரிய வீடியோக்களை முதலில் எடுக்கத் தொடங்கியிருந்தால், சிறிய கோப்புறைக்கு முறை வர முன்னமே டிஸ்க் நின்றிருக்கலாம்.

அப்போதுதான் உபுண்டுத் திரையின் மேலோரத்தில் இருந்த திகதி கண்ணில் பட்டது. 2012 ஜனவரி 1.

நானா சிரித்துவிட்டார். “தம்பி, ஆள் அம்பிட்டான்.”

கணினியை அணைத்து வைத்தாலும் நேரம் தப்பாமல் ஓடுவதற்கு, மதர்போர்டில் ஒரு நாணய அளவுப் பற்றரி இருக்கும். பெரும்பாலும் சிஆர் 2032: 20 மில்லிமீற்றர் விட்டம், 3 வோல்ற்று. 1984இல் வந்த ஐபிஎம் ஏடீ முதல் இந்த ஏற்பாடு உண்டு. பல இயந்திரங்களில் அதே பற்றரிதான் பயோஸ் அமைப்புகளையும் நினைவில் வைத்திருக்க உதவுகிறது. மாமியின் லப்டொப் 2013இல் விண்டோஸ் 8ஓடு வாங்கியது. அந்தப் புதுத் திரை பிடிபடாமல், அந்தக் காலத்தில் பலர் செய்தது போல, விண்டோஸ் 7 போடுவித்திருந்தார். அதற்காக அப்போது போட்டவர் பயோஸைப் பழைய முறைக்கு மாற்றி, செக்கியூர் பூட் என்ற காவலையும் நிறுத்தியிருந்தார். பெரிய பற்றரி செத்த பிறகும் சார்ஜர் செருகியே இருந்ததால் குறை வெளியே தெரியவில்லை. 2022 மார்ச்சில் மணிக்கணக்காகக் கரண்ட் இல்லாமல் கிடந்தபோது, வலுவிழந்திருந்த நாணயப் பற்றரியால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. அமைப்புகள் அழிந்தன. லப்டொப் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பியது. புதிய முறையில் தேடத் தொடங்கிய அதன் கண்ணுக்குப் பழைய முறையில் எழுதிய எம்பிஆர் படவில்லை. ‘தொடங்க ஒன்றுமில்லை’ என்றது.

விண்டோஸுக்கு ஒன்றும் நடக்கவில்லை.

நானா செக்கியூர் பூட்டை நிறுத்தினார். பழைய முறையைத் தெரிவு செய்தார். சேமித்து வெளியே வந்தார். கறுப்புத் திரையில் நாலு நிற ஒளிகள் சுழன்று விண்டோஸ் 7இன் கொடியாகச் சேர்ந்தன. கொஞ்ச நேரத்தில் மாமி முகப்பில் வைத்திருந்த ஆரையம்பதிக் கந்தசுவாமி கோயில் படம் வந்தது. போமட் அடித்திருந்தாலும் லப்டொப் எழும்பியிருக்கும். ‘சரியாயிற்று’ என்று எல்லோரும் நம்பியும் இருப்பார்கள். ஒரு நாணயப் பற்றரிக்காக ஒரு கூத்தை இழந்த கதை யாருக்கும் தெரிந்திருக்காது. இன்றும் இதை நினைக்கும்போது அந்த மருமகனுக்கு நெஞ்சு திக்கென்கிறது. ஊரில் இப்படி எத்தனை கோப்புறைகள் சத்தமில்லாமல் போயிருக்கும்?

எழும்பியதோடு வேலை முடியவில்லை. டிஸ்க் திணறத் தொடங்கிவிட்டது. விண்டோஸ் 7க்கான ஆதரவை மைக்ரோசொவ்ற் 2020 ஜனவரி 14உடன் நிறுத்திவிட்டது. ஆகவே இப்போது உண்மையாகவே புதிதாகப் போட வேண்டும். கோப்புகள் கையில் பத்திரமாக இருக்கும்போது அது பயமில்லாத வேலை.

பாவித்த எஸ்எஸ்டி ஒன்று கிடைத்தது. பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, துணியில் சுற்றி, மேசைக்கு அப்பால் வைத்த பிறகே நானா எஸ்எஸ்டியைப் பொருத்தினார். இரண்டு டிஸ்க் பூட்டிய கணினியில் நிறுவும்போது தவறுதலாக மற்றதைத் தெரிவு செய்து அழித்தவர்களை அவர் கண்டிருக்கிறார். மின்வெட்டு அட்டவணையைச் சுவரில் பார்த்து, கரண்ட் வந்து சூடு ஆறாத நேரமாகத் தொடங்கினார். சார்ஜரை யூபிஎஸ் வழியாகக் கொடுத்தார். நிறுவும்போது கரண்ட் போனால் திரும்பவும் முதலிலிருந்து.

விண்டோஸ் 10ஐப் பென்னுக்கு ஏற்றுவதிலேயே ஒரு சிக்கல் உண்டு. யூஇஎஃப்ஐ பொதுவாக ஃபாட்32 வடிவில் இருக்கும் பென்னைத்தான் வாசிக்கும். ஃபாட்32 ஒரு தனிக் கோப்பு 4 ஜிகாபைட்டைத் தாண்ட விடாது. விண்டோஸின் முதன்மைக் கோப்பு சில பதிப்புகளில் அதைத் தாண்டும். கோப்பை வெறுமனே இழுத்துப் பென்னில் போட்டு, ‘ஏன் வேலை செய்யுதில்ல’ என்று கேட்டு வருபவர்கள் பலர். பீற் பற்றார்ட் எழுதிய ரூஃபஸ் என்ற இலவச மென்பொருள் இதைத் தானாகச் சமாளிக்கிறது. அடுத்ததாக, பாவித்த எஸ்எஸ்டி எம்பிஆர் முறையில் இருந்ததால், இந்த டிஸ்கில் நிறுவ முடியாது, ஜிபிடி வேண்டும் என்று விண்டோஸ் மறித்தது. அதில் காக்க வேண்டியது ஒன்றும் இல்லை என்பதை உறுதிசெய்துகொண்டு, முழுக்கத் துடைத்து ஜிபிடி ஆக்கினார். இந்த முறை பயோஸைத் தொழிற்சாலை நிலையிலேயே விட்டார். இனி நாணயப் பற்றரி செத்தாலும் லப்டொப் வழி மறக்காது. புதிய நாணயப் பற்றரியும் போட்டார்.

உரிமச் சாவியை யாரும் கேட்கவில்லை. விண்டோஸ் 8ஓடு விற்ற லப்டொப்புகளில் சாவி மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். அந்தக் காலத்தில் விண்டோஸ் 10 அதை ஏற்றுக்கொண்டது. 2023இல் மைக்ரோசொவ்ற் அந்த வழியை அடைத்தது. களவுச் சாவிக்கு அலைய வேண்டிய தேவையே இல்லாமல் மாமியின் லப்டொப் இணையத்தில் இணைந்ததும் தன்னைப் பதிந்துகொண்டது.

வீட்டுக்குக் கொண்டுவந்து, மாமி கூத்துக் கோப்பைத் திறந்தார். திரை முழுக்க ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும். ஒரு சொல்லும் தமிழ் இல்லை.

“எல்லாம் போய்ட்டே மகன்!”

ஒன்றும் போகவில்லை. மாமி தட்டச்சு செய்தது பாமினி எழுத்துருவில். ஈழத்துத் தட்டச்சில் நெடுங்காலம் பரவலாக இருந்த எழுத்துரு அது. அதில் ‘அம்மா’ என்று அடித்தால் கோப்புக்குள் பதிவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகளே. எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உருவம் கொடுக்கிறது. புதிய விண்டோஸில் பாமினி இல்லை. பழைய டிஸ்கின் எழுத்துருக் கோப்புறையிலிருந்து அதை எடுத்துப் போட்டதும் கட்டியகாரன் வரவு தமிழில் வந்து நின்றது. மாமி அதைத் திரைக்கு முன்னால் இருந்தபடி, தாளத்தோடு பாடிப் பார்த்தார்.

ஆனால் அந்தக் குழப்பம் ஒரு எச்சரிக்கையும் கூட. பாமினி இல்லாத கணினியில் அந்தக் கூத்தை வாசிக்க ஆளில்லை. தமிழுக்கு 1991இல் வந்த யூனிகோட் முதல் பதிப்பிலேயே இடம் இருக்கிறது. யூனிகோடில் எழுதியது எந்தக் கணினியிலும் போனிலும் தமிழாகவே தெரியும். அடுத்த மாதங்களில் மாமியும் மருமகனும் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றினார்கள். மாற்றி மென்பொருள் வேகமாகத்தான் செய்தது. கொம்பும் காலும் இடம்மாறி விழுந்த சொற்களை மாமி கண்ணால் பார்த்துத் திருத்த வேண்டியிருந்தது. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் சேர்த்துவருவதை மாமி முன்பே அறிவார். தன் கொப்பியையும் அப்படி ஒரு பொது இடத்தில் வைக்கலாம் என்ற துணிவு அவருக்கு அந்தத் திருத்த வேலையின்போதுதான் வந்தது.

2024 ஜூலை 19 அன்று உலகம் முழுவதும் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு எழும்ப மறுத்தபோது, மருமகனுக்கு நானாவின் மேசைதான் நினைவுக்கு வந்தது. கிரௌட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு புதுப்பிப்புக் கோப்பு பிழையானது. அந்த நிறுவனம் 78 நிமிடத்தில் அதைத் திரும்பப் பெற்றுவிட்டது. அதற்குள் ஏறத்தாழ 85 இலட்சம் கணினிகள் விழுந்துவிட்டதாக மைக்ரோசொவ்ற் மதிப்பிட்டது. ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. ஆஸ்பத்திரிகளும் வங்கிகளும் தடுமாறின. அந்தக் கணினிகளை மீட்க விண்டோஸைத் திரும்பப் போட வேண்டியிருக்கவில்லை. சேஃப் மோடில் எழுப்பி ஒரேயொரு கோப்பை அழித்தால் போதும். ஆனால் எழும்பாத கணினிக்குத் தூரத்திலிருந்து கட்டளை அனுப்ப முடியாது. பெரும்பாலானவற்றில் யாராவது ஒருவர் அந்தக் கணினிக்கு முன்னால் போய் உட்கார்ந்து, அது எங்கே நிற்கிறது என்று பார்த்து, அந்த இடத்தில் கைவைக்க வேண்டியிருந்தது.

புதிய லப்டொப்புகள் புதிய கேள்விகளோடு வருகின்றன. ஊருக்குத் தெற்கே தாழங்குடாவில் தேசிய கல்வியியல் கல்லூரி இருக்கிறது. அங்கே படிக்கிற ஒரு பிள்ளை கொண்டுவந்த லப்டொப் 48 இலக்கச் சாவி ஒன்றைக் கேட்டு நின்றது. டிஸ்க் முழுவதையும் பூட்டிவைக்கும் பிட்லொக்கர் அது. பயோஸில் செக்கியூர் பூட்டை மாற்றினாலே இந்தச் சாவியைக் கேட்கக்கூடும். சாவி இல்லாவிட்டால் லினக்ஸ் பென்னாலும் உள்ளே வாசிக்க முடியாது. நல்ல காலம், அந்தப் பிள்ளையின் மைக்ரோசொவ்ற் கணக்கில் அது பதிந்திருந்தது. இன்டெலின் 11ஆம் தலைமுறை முதல் வரும் பல லப்டொப்புகளில் விண்டோஸை நிறுவப் போனால் டிஸ்கே இல்லை என்று திரை சொல்லும். டிஸ்க் செத்துவிட்டது என்று புதிதாக வாங்க ஓடியவர்களும் உண்டு. விஎம்டி என்ற இடைப்பட்ட ஏற்பாட்டுக்கான டிரைவரைப் பென்னில் வைத்துக் காட்டினால் டிஸ்க் தெரியும். நானா இப்போது எந்த லப்டொப் வந்தாலும் உள்ளே என்ன இருக்கிறது என்பதோடு இன்னொன்றையும் கேட்கிறார்: “கீ எடுத்து வெச்சிருக்கீங்களா?” அமைப்புகளில் கைவைக்க முன்னம் அதைக் கொப்பியில் எழுதுவிக்கிறார்.

2025 ஒக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவும் முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டீபீஎம் 2.0 சிப்பும் புதிய புரொசசரும் 2013இன் லப்டொப்பில் இல்லை. மாமி அதைத் தூக்கி எறியச் சம்மதிக்கவில்லை. லினக்ஸ் மின்ட் போட்டாயிற்று. பாமினியில் பழகிய விரல்களுக்கு ரெங்கநாதன் விசைப்பலகை கைகொடுத்தது. எழுத்துகள் பெரும்பாலும் அதே இடங்களில் இருக்க, பதிவது யூனிகோட். பழைய கோப்புகளும் முன்னமே மாறியிருந்ததால் இந்தத் தடவை ஒரு எழுத்தும் கலையவில்லை.

அந்த லப்டொப்பில் இப்போது தட்டச்சாவது வேறொரு கூத்து. வாவிக்கு அப்பால் படுவான்கரையில் ஒரு வீட்டிலிருந்து வந்த தென்மோடிக் கொப்பி. 2014இல் மண்முனைப் பாலம் திறக்க முன்னம் வாவியைப் ‘பாதை’ என்ற மிதவையில் கடந்துதான் அந்தப் பக்கம் போய் வந்தார்கள். இப்போது கொப்பிக்காரரின் பேரன் மோட்டார் சைக்கிளில் வந்து தந்துவிட்டுப் போனான். மாமி அவனிடம் முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுக்கச் சொன்னார். படங்களில் ஒரு பிரதி அவன் கையில், ஒன்று மாமியின் பென்னில், ஒன்று மருமகனிடம். அதற்குப் பிறகே கொப்பியைத் திறந்து வைத்து, வரவுத் தருவின் முதலடியைத் தட்டத் தொடங்கினார். நடுவில் நாலு பக்கம் கிழிந்திருக்கிறது. அந்தப் பாட்டு யாருக்காவது வாயில் இருக்கிறதா என்று கொக்கட்டிச்சோலைப் பக்கம் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்.